டீசல் எஞ்சின் கட்டுமீறி ஓடுதல்

டீசல் எஞ்சின் கட்டுமீறி ஓடுதல் என்பது, ஒரு டீசல் எஞ்சின் இயக்குபவருக்கும் தன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் அடங்காமல், வடிவமைக்கப்பட்ட உச்ச வேகத்தையும் தாண்டி வேகம் கூடிக்கொண்டே போகும் நிலையாகும். இந்நிலையில் சாவியைத் திருப்பினாலும், நிறுத்தும் கம்பியை இழுத்தாலும், பல வேளைகளில் டீசல் குழாயை மூடினாலும்கூட எஞ்சின் நிற்பதில்லை. பட்டறைகளில் இதனை ‘எஞ்சின் ரேஸ் ஆகிறது’ என்று சொல்வதுண்டு. சில நிமிடங்களிலேயே எஞ்சின் உடைந்து சிதறலாம். அருகில் நிற்பவர் உயிரிழக்கவும் நேரலாம்.

இது அரிதாகவே நிகழ்கிறது. திடீரென்று வந்ததுபோல் தோன்றினாலும், இதற்குப் பின்னால் பெரும்பாலும் பல மாதங்களாகக் கவனிக்கப்படாத ஒரு சிறு குறை இருக்கும். டிராக்டர், அறுவடை இயந்திரம், ஆயில் எஞ்சின், ஜெனரேட்டர், விசைப்படகு எனப் பலவகை டீசல் எஞ்சின்கள் இயங்கும் காவிரி டெல்டா பகுதியில், இக்குறைகள் எவ்வாறு தோன்றுகின்றன, பராமரிப்பு அவற்றை எவ்வாறு தடுக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

டீசல் எஞ்சின் இயங்கும் முறை

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் உருவாக்கிய எஞ்சின், 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயங்கிக் காட்டப்பட்டது. பெட்ரோல் எஞ்சினில் உள்ளது போன்ற தீப்பொறி பிளக் இதில் இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைப் பலரும் தொட்டு உணர்ந்திருப்பர். காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்ற அதே விதியில்தான் டீசல் எஞ்சின் இயங்குகிறது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று, தன் கன அளவில் ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ அழுத்தப்படுகிறது. அப்போது அதன் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசுக்கு மேல் செல்கிறது. அந்த நேரத்தில் இன்ஜெக்டர் வழியாகத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது.

பெட்ரோல் எஞ்சினுக்கும் டீசல் எஞ்சினுக்கும் இன்னொரு முக்கிய வேறுபாடு உண்டு. வழக்கமான பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றின் அளவை ஒரு தகட்டு வால்வு கூட்டிக் குறைக்கிறது. வழக்கமான டீசல் எஞ்சினில் காற்றுக்கு அத்தகைய தடை இல்லை; அது எப்போதும் முழு அளவில் காற்றை இழுக்கிறது. எத்தனை டீசல் தெளிக்கப்படுகிறது என்பது மட்டுமே அதன் வேகத்தை நிர்ணயிக்கிறது. டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கருவி கவர்னர் எனப்படும். வேகம் கூடினால் கவர்னரில் உள்ள சுழலும் எடைகள் விலகி, எரிபொருள் பம்பின் ரேக் என்னும் பற்சட்டத்தை நகர்த்தி டீசலைக் குறைக்கின்றன. வேகம் குறைந்தால் சுருள்வில் அதனைத் திரும்ப இழுத்து டீசலைக் கூட்டுகிறது.

இந்த அமைப்பில் உள்ள வலுவீனமும் இதுவே. எரியக்கூடிய வேறு ஏதேனும் பொருள் காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போய்விட்டால், கவர்னர் டீசலை முற்றிலும் நிறுத்தினாலும் பயனில்லை. காற்று இருக்கிறது, வெப்பம் இருக்கிறது, எரிபொருளும் வேறு வழியில் வந்துகொண்டிருக்கிறது.

அதற்கு எவ்வளவு எரிபொருள் தேவை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் 5 குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சு ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில், நொடிக்கு 12.5 முறை எரிதல் நிகழ்கிறது. மணிக்கு அது 45,000 முறையாகும். முழுச் சுமையில் இத்தகைய எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் டீசலை எரிக்கிறது எனக் கொண்டால், ஒரு முறைக்குத் தேவைப்படுவது 0.022 மில்லிலிட்டர், அதாவது ஒரு சொட்டில் ஏறத்தாழப் பாதி. சுமையில்லாமல் ஓட இன்னும் குறைவே போதும். ஆகவே எஞ்சின் கட்டுமீறப் பெரிய கசிவு எதுவும் தேவையில்லை.

காரணங்கள்

எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் நுழைதல்: பிஸ்டன் ரிங்குகளும் லைனரும் தேய்ந்துவிட்டால், எரிந்த வாயு அடிப்பகுதியான கிராங்க் கேசுக்குள் இறங்குகிறது. அங்கு அழுத்தம் கூடுவதால் ஆயில் ஆவியும் நுண்துளிகளும் பிரீதர் என்னும் மூச்சுக்குழாய் வழியாக வெளியேறுகின்றன. பல எஞ்சின்களில் இக்குழாய் காற்று உள்ளே போகும் வழியோடு இணைக்கப்பட்டிருக்கும். வேகம் கூடக்கூட வாயு அதிகமாக இறங்குகிறது. ஆயில் சூடாகி மெலிந்து இன்னும் எளிதாக மேலேறுகிறது. அதனால் வேகம் மேலும் கூடுகிறது. டர்போ பொருத்திய எஞ்சின்களில், டர்போவின் சீல் தேய்ந்தாலும் ஆயில் நேராகக் காற்று வழிக்குள் போகும்.

காற்று வடிகட்டியில் ஆயில் மிகுதல்: பழைய டிராக்டர்கள் பலவற்றிலும் ஆயில் எஞ்சின்களிலும், காற்றிலுள்ள தூசியை ஆயில் நிரம்பிய கிண்ணத்தில் படியவைக்கும் வகை வடிகட்டி உள்ளது. இக்கிண்ணத்தில் குறியீட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினால், மிகுதியான ஆயிலைக் காற்றோட்டம் உள்ளே இழுத்துச் சென்றுவிடும்.

ரேக் சிக்கிக்கொள்ளுதல்: நெடுநாள் ஓடாத எஞ்சினில் டீசல் பிசினாக இறுகியோ, டீசலில் கலந்த நீரால் துருப்பிடித்தோ, பற்சட்டம் முழு டீசல் நிலையிலேயே நின்றுவிடலாம். அத்தகைய எஞ்சின் கிளம்பிய சில நொடிகளிலேயே வேகம் எல்லை மீறும். எரிபொருள் பம்பைப் பிரித்துப் பழுது பார்த்தபின் தவறாகப் பூட்டினாலும் இதுவே நிகழும்.

ஆயிலில் டீசல் கலத்தல்: இன்ஜெக்டர் ஒழுகினாலோ, டீசலை ஏற்றித் தரும் பம்பின் சவ்வு கிழிந்தாலோ, டீசல் அடிப்பகுதிக்கு இறங்குகிறது. ஆயில் மட்டம் உயர்ந்து, அதன் தடிப்பும் குறைவதால், பிரீதர் வழியாக எரியக்கூடிய ஆவி மிகுதியாக வெளியேறும்.

எஞ்சின் சாய்தல்: டிராக்டர் கவிழ்ந்தாலோ, ஆயில் எஞ்சினைப் படுக்கவைத்து வண்டியில் ஏற்றிச் சென்றாலோ, அடிப்பகுதி ஆயில் காற்று வழிக்கும் சிலிண்டருக்கும் போய்ச் சேரும்.

வெளிக்காற்றில் எரிவாயு கலந்திருத்தல்: எண்ணெய்க் கிணறு, சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோலியக் கிடங்கு ஆகியவற்றில் கசியும் ஆவியை எஞ்சின் காற்றோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் இருந்த பி.பி. நிறுவனச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று நடந்த வெடிவிபத்தில் 15 பேர் உயிரிழந்தனர். 180 பேர் காயமடைந்தனர். அங்கு கசிந்த ஆவியை, இயங்கிக்கொண்டு நின்ற ஒரு டீசல் வாகனம் இழுத்துக்கொண்டு கட்டுமீறி ஓடியதும், பெரும்பாலும் அதுவே தீ மூட்டியிருக்கும் என்பதும் அந்நாட்டு விசாரணையில் தெரியவந்தன. காவிரிப் படுகையிலும் நரிமணம், குத்தாலம் போன்ற இடங்களில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் வயல்களுக்கு நடுவே உள்ளன. எரிவாயு நாற்றம் வீசும் இடத்தில் டீசல் எஞ்சினை இயக்கக்கூடாது என்பதற்குத் தீ மட்டுமன்றி இதுவும் ஒரு காரணமாகும்.

கட்டுமீறலுடன் குழப்பிக்கொள்ளக்கூடாத ஒன்றும் உண்டு. பெல்ட் கழன்றாலோ, பம்ப் தண்ணீரை இழந்து காற்றை இழுத்தாலோ, சுமை குறைவதால் எஞ்சின் ஒரு கணம் வேகமெடுக்கும். கவர்னர் நல்ல நிலையில் இருந்தால் உடனே பழைய வேகத்துக்குத் திரும்பும். திரும்பாவிட்டால்தான் ஆபத்து.

டெல்டாவின் பருவங்களும் எஞ்சின்களும்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. குறுவை, சம்பா, தாளடி என்னும் நெற்பட்டங்கள் இந்த நீரையும் வடகிழக்குப் பருவமழையையும் ஒட்டி அமைந்தவை. அணையில் நீர் போதாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகிறது. 2020-இல் ஜூன் 12 அன்று அணை திறக்கப்பட்டபோது, அந்த நாளில் திறப்பு நடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆற்றுநீர் தாமதிக்கும்போதும், வாய்க்கால் நீர் ஏறாத மேட்டு வயல்களிலும், மின் இணைப்பு இல்லாத இடங்களிலும் நாற்றங்காலைக் காப்பாற்றுவது ஆயில் எஞ்சின்தான்.

இதனால் டெல்டாவின் எஞ்சின்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரே சீரான வேலை இருப்பதில்லை. மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்துவிட்டு, தேவை வந்ததும் இரவு பகலாக ஓடுகின்றன. பம்பில் துருவும் பிசினும் பிடிப்பதற்கு ஓய்வுக்காலமும், ரிங்குகள் தேய்வதற்குத் தொடர் ஓட்டமும் வழிசெய்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தில் பாதி காலியாக விடப்பட்ட டீசல் தொட்டியின் உட்சுவரில் நீர் வியர்த்து, டீசலோடு கலந்து அடியில் தங்குகிறது.

பருவத்துக்கு ஏற்ப ஆபத்தின் தன்மையும் மாறுகிறது. சேற்று உழவின்போது டிராக்டர் புதைந்து சாயக்கூடும். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் அறுவடை இயந்திரங்கள் வைக்கோல் தூசிக்குள்ளேயே நாள் முழுவதும் ஓடுகின்றன. தூசி அடைத்த காற்று வடிகட்டி, எஞ்சினின் இழுவிசையைக் கூட்டி ஆயிலை இழுக்கச் செய்கிறது. கிழிந்த வடிகட்டியோ தூசியை உள்ளே விட்டு லைனரை விரைவில் தேய்க்கிறது.

புயல் காலத்தில் ஜெனரேட்டர்களின் முறை வருகிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலால் பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. ஊர்களின் மேல்நிலைத் தொட்டிகளுக்குக் குடிநீர் ஏற்ற ஜெனரேட்டர்கள் பயன்படுத்தப்பட்டன. நெடுநாள் ஓடாமலிருந்த எஞ்சினை அவசரத்தில் கிளப்பும் இத்தகைய நேரத்தில்தான் சரிபார்ப்பு விட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

விளைவுகள்

சுழலும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். சக்கரத்தைப் பிய்க்க முயலும் விசையும் நான்கு மடங்காகும்.

இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனம் உருவாக்கிய குறைவேக எஞ்சினின் மாதிரியில், குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் செய்த எஞ்சின்கள் இந்தியா முழுவதும் பரவின. இவ்வகை எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்று ஓடக்கூடியது. கனமான வார்ப்பிரும்புச் சக்கரம் கொண்டது. 60 செ.மீ. விட்டமுள்ள ஒரு சக்கரத்தின் விளிம்பு, 650 சுற்றில் மணிக்கு ஏறத்தாழ 73 கி.மீ. வேகத்தில் செல்கிறது. 1300 சுற்றில் அது 147 கி.மீ. ஆகிறது. வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்குவதில் வலுக்குறைந்தது. அதில் முன்பே ஒரு விரிசல் இருந்தால், உடைந்த துண்டு கொட்டகைச் சுவரையும் துளைக்கக்கூடும்.

சக்கரம் தப்பினாலும் பிற பாகங்கள் தப்புவதில்லை. வால்வுகள் மூடி முடிப்பதற்குள் பிஸ்டன் மேலேறி அவற்றை இடிக்கலாம். கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சின் உடலைத் துளைக்கலாம். ஆயில் முழுவதும் எரிந்து தீர்ந்தால் பிஸ்டன் லைனரோடு இறுகிப்போகும்.

முன்னறிகுறிகள்

கட்டுமீறலுக்கு முன் எஞ்சின் பெரும்பாலும் அடையாளம் காட்டுகிறது.

• புகைபோக்கியில் நீலப்புகை தொடர்ந்து வருதல். இது எஞ்சின் ஆயில் எரிவதன் அடையாளம்.
• இரு ஆயில் மாற்றங்களுக்கு இடையே அடிக்கடி ஆயில் ஊற்ற வேண்டியிருத்தல்.
• ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அல்லது பிரீதரில் புகை பலமாக வீசுதல்.
• அளவுக்கம்பியில் ஆயில் மட்டம் தானாக உயர்ந்திருத்தல். ஆயிலில் டீசல் நாற்றம் வீசுதல்.
• காற்று உள்ளே போகும் குழாயின் உட்புறம் ஆயில் படிந்திருத்தல்.
• சுமையற்ற நிலையில் வேகம் ஏறி இறங்கி ஊசலாடுதல்.
• நிறுத்தும் கம்பியை இழுத்த பின்னும் எஞ்சின் சிறிது நேரம் ஓடி நிற்றல்.

கடைசி அறிகுறியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. டீசல் நின்ற பிறகும் எஞ்சின் எதையோ எரித்து ஓடுகிறது என்பதற்கு அது நேரடிச் சான்றாக இருக்கலாம்.

பராமரிப்பு

தடுப்பு முறைகளில் பெரும்பாலானவை செலவு குறைந்தவை. கவனமும் சில நிமிடங்களும் போதும்.

தண்ணீர் திறக்கும் பருவத்துக்கு முன், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே, நிறுத்தும் கம்பியையும் வேகக் கம்பியையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி நகர்ந்து, விட்டதும் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். இறுக்கமாக இருந்தால் எஞ்சினைக் கிளப்பாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். தொட்டியின் அடியில் தங்கிய நீரை வடித்து, பழைய டீசலை நீக்கி, டீசல் வடிகட்டியை மாற்ற வேண்டும். பருவம் முடிந்து நிறுத்தி வைக்கும்போது டீசல் தொட்டியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படிவது குறையும்.

நாள்தோறும் ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் இரு குறிகளுக்கு இடையில் இருப்பதே சரி. ‘கூட இருந்தால் நல்லது’ என்று மேல்குறியைத் தாண்டி ஊற்றுவது தவறு. ஆயில் கிண்ண வகைக் காற்று வடிகட்டியிலும் இதே விதி பொருந்தும். கிண்ணத்தின் அடியில் சேறு படிந்திருந்தால் கழுவிப் புது ஆயிலைக் குறியீடு வரை மட்டும் ஊற்ற வேண்டும். அறுவடைக் காலத்தில் இதனைத் தினமும் பார்ப்பது நல்லது. தாள் வடிகட்டி கிழிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

குறித்த மணிநேரங்களில் எஞ்சின் ஆயிலையும் ஆயில் வடிகட்டியையும் தயாரிப்பாளரின் கையேட்டின்படி மாற்ற வேண்டும். பிரீதர் குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டும். அது அடைத்துக்கொண்டால் அடிப்பகுதியின் அழுத்தம் கூடி, ஆயில் வேறு வழி தேடும். இன்ஜெக்டரைப் பரிசோதனைக் கருவியில் வைத்து, ஒழுகாமல் மூடுபனி போலத் தெளிக்கிறதா என்று பார்க்க வேண்டும். டர்போ உள்ள வண்டியை வேலை முடிந்ததும் உடனே நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினால் அதன் சீலும் பேரிங்கும் நீடிக்கும்.

ஆயில் எஞ்சினை இடம் மாற்றும்போது நிமிர்த்தியே கொண்டு செல்ல வேண்டும். வண்டியில் ஏற்றும் முன் காற்று வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றிக்கொள்வது நல்லது. கவிழ்ந்த டிராக்டரை நிமிர்த்தியவுடன் கிளப்பக்கூடாது. இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி, சிலிண்டரில் சேர்ந்த ஆயிலை வெளியேற்றி, காற்றுக் குழாயைத் துடைத்த பின்னரே கிளப்ப வேண்டும்.

எரிபொருள் பம்பில் பழுது பார்த்த பின் முதல் முறை கிளப்பும்போது, காற்று வழியை மூடுவதற்கான தகட்டைக் கையருகே வைத்துக்கொள்வது தேர்ந்த மெக்கானிக்குகளின் பழக்கம்.

பாதுகாப்புக் கருவிகள்

பெரிய எஞ்சின்களில், வேகம் எல்லை மீறினால் தானே செயல்படும் கருவிகள் உண்டு. இந்திய ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்-2 வகை டீசல் இஞ்சின்களில், அத்தகைய கருவி எரிபொருள் பம்புகளின் ரேக்குகளை டீசல் இல்லாத நிலைக்குத் தள்ளிவிடும். நாகப்பட்டினத்தில் இருந்து 1928-இல் திருச்சிராப்பள்ளி பொன்மலைக்கு மாற்றப்பட்ட ரயில்வே பணிமனை, டீசல் இஞ்சின்களைப் பழுது பார்க்கும் முக்கிய இடங்களுள் ஒன்றாகும்.

டீசலை நிறுத்தும் கருவி, ஆயிலால் நேரும் கட்டுமீறலைத் தடுக்காது. அதற்குக் காற்றை அடைக்கும் வால்வு தேவை. அமெரிக்காவின் டெட்ராய்ட் டீசல் நிறுவனத்தின் இரு வீச்சு எஞ்சின்களில் காற்று வழியை மூடும் அவசரத் தகடு பொருத்தப்பட்டிருந்தது. எண்ணெய் வயல்களில் இயங்கும் எஞ்சின்களுக்கும் இத்தகைய வால்வுகள் பொருத்தப்படுகின்றன. சிறிய ஆயில் எஞ்சின்களிலும் பழைய டிராக்டர்களிலும் பொதுவாக இவை இல்லை. அங்கு பராமரிப்பே பாதுகாப்பு.

மின்னணுக் கட்டுப்பாடு உள்ள புதிய வண்டிகளும் முற்றிலும் விலக்கானவை அல்ல. கணினி டீசலைத்தான் நிறுத்த முடியும். தேய்ந்த டர்போ சீல் வழியாக வரும் ஆயிலை அது நிறுத்த முடியாது.

கட்டுமீறினால் செய்ய வேண்டியவை

முதலில், சக்கரம் சுழலும் திசைக்கு நேராக நிற்பவர்களை விலக்க வேண்டும். சக்கரம் உடைந்தால் துண்டுகள் அந்தத் தளத்திலேயே பறக்கும்.

நிறுத்தும் கம்பியை ஒரு முறை முழுமையாக இழுத்துப் பார்க்கலாம். ரேக் மட்டுமே காரணமாக இருந்து அது விடுபட்டால் எஞ்சின் நிற்கும். நிற்காவிட்டால் காற்று வழியை அடைப்பதே உறுதியான முறையாகும். தடித்த பலகை அல்லது இரும்புத் தகட்டைக் காற்று உள்ளே போகும் குழாயின் வாயில் தட்டையாக அழுத்தி மூட வேண்டும். வெறுங்கையால் மூடக்கூடாது, இழுவிசை கையைக் காயப்படுத்தும். மெல்லிய துணி, பிளாஸ்டிக் பை ஆகியவற்றை எஞ்சின் உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றவும் கூடாது. நீர் அழுத்தத்துக்குச் சுருங்காது என்பதால் சிலிண்டரும் ராடும் உடையும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால், அதன் வாயுவைக் காற்று வழியில் செலுத்தலாம்.

கையால் சுற்றிக் கிளப்பும் எஞ்சின்களில் உள்ள டிகம்ப்ரஷன் லீவரைத் திருப்பினால் வால்வு திறந்து அழுத்தம் போய்விடும், எரிதலும் நிற்கும். ஆனால் அதற்குச் சக்கரத்தின் அருகே செல்ல நேரும் என்பதால், தள்ளி நின்று எட்டும் இடத்தில் லீவர் இருந்தால் மட்டுமே முயலலாம்.

ஓடும் டிராக்டரில் இது நேர்ந்தால் கிளட்சை மிதித்தபடியே இருக்கக்கூடாது. சுமை நீங்கியதும் வேகம் இன்னும் கூடும். முன்னால் ஆள் இல்லாத வெட்டவெளியாக இருந்தால், உயர்ந்த கியரில் போட்டு, இரு பிரேக்குகளையும் சேர்த்து அழுத்தி, கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறச் செய்து நிறுத்தலாம்.

எஞ்சின் அருகே செல்ல முடியாத நிலையில் இருந்தால் விலகிச் செல்வதே சரியானது. எஞ்சின் உடைந்து போகும். ஆனால் வேறு எஞ்சின் வாங்கிக்கொள்ளலாம். விதைப்புக்கு நடுவில் ஓர் எஞ்சினை இழப்பது ஒரு குடும்பத்துக்குப் பெரிய இழப்புத்தான். அதனைக் காப்பாற்ற முயன்று ஆளை இழப்பதற்கு அது ஈடாகாது.

நின்ற எஞ்சினைக் காரணம் தெரியும்வரை மீண்டும் கிளப்பக்கூடாது. சூடான எஞ்சினின் அடிப்பகுதி மூடியை உடனே திறந்தால், உள்ளே நிறைந்துள்ள ஆயில் ஆவி புதுக்காற்றுப் பட்டுத் தீப்பற்றலாம். நன்றாக ஆறிய பிறகு காற்றுக் குழாய், டர்போ, பிரீதர், எரிபொருள் பம்ப் என வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

பயிற்சி

தொழிற்பயிற்சி நிலையங்களில் ‘மெக்கானிக் டீசல்’ என்னும் ஓராண்டுப் பயிற்சியில் எரிபொருள் பம்ப், கவர்னர், இன்ஜெக்டர் ஆகியவற்றின் பராமரிப்பு கற்பிக்கப்படுகிறது. எனினும் ஆயில் எஞ்சினை நாள்தோறும் கிளப்புபவர் பெரும்பாலும் விவசாயியோ, அவர் வீட்டுப் பிள்ளையோ, கூலிக்கு வந்த ஓட்டுநரோதான். காற்றை அடைத்தால் மட்டுமே எஞ்சின் நிற்கும் என்ற ஒரு செய்தியை அவர்கள் அறிந்திருப்பதும், காற்று வழியை மூடுமளவுக்கு ஒரு பலகையை எஞ்சின் கொட்டகையில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதும் இன்றியமையாதவை.